திருஷ்டி கழித்த தண்ணீர்

திருஷ்டி கழித்த தண்ணீரை முச்சந்தியில் ஊற்றினால், அதிலிருக்கும் கண்கள் வண்டிச் சக்கரங்களில் ஒட்டிக்கொண்டு ஆளுக்கொரு திசையில் போய்விடும். அடுக்ககத்தில் முச்சந்தி கிடையாது. அதனால் அங்கே குடியிருப்பவர்கள் அந்தத் தண்ணீரைக் கழிவறையில் ஊற்றிவிடுகிறார்கள். கண்கள் குழாய் வழியாக இறங்கி, கார் நிறுத்தும் அடித்தளத்தின் மூலையில் இருக்கும் கழிவுநீர்க் குழிக்குப் போய்ச் சேருகின்றன.

அக்காவின் பிரசவத்துக்குத் துணையாகச் சுகிர்தா அங்கே வந்தபோது குழி ஏற்கெனவே பாதிக்கு மேல் நிறைந்திருந்தது.

சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதி அது. ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் சாலை உயர்ந்தது, கட்டடம் தாழ்ந்தது. கழிவுநீர் தானாக ஏறித் தெருச் சாக்கடைக்குப் போகாது. அதற்காகக் குழிக்குள் ஒரு மோட்டாரைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார்கள். பக்கத்தில் ஓர் ஆரஞ்சு நிற மிதவை. தண்ணீர் ஏறினால் மிதவை ஏறும், மிதவை ஏறினால் மோட்டார் ஓடும், மோட்டார் ஓடினால் எல்லாம் தெருவுக்குப் போய்விடும். தெருவுக்குப் போனபின் அந்தக் கண்கள் என்ன ஆகின்றன என்பது மாநகராட்சியின் பொறுப்பு.

கண் பட்டது குறையும். அந்தக் கட்டடத்தில் இதற்குச் சான்று தேட வேண்டியதில்லை. நான்காம் மாடியில் பொசுபொசுவென்று வெள்ளையாக ஒரு பாமரேனியன் நாய் வளர்த்தார்கள். லிஃப்டில் ஏறியவர்கள், இறங்கியவர்கள், பால் போட வந்தவர் என்று எல்லோரும் அதைப் பார்த்துப் பார்த்து, இப்போது அதன் குரைப்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது. வீட்டுக்காரர்கள் இன்னும் வேளா வேளைக்குப் பால் வைக்கிறார்கள். குரைப்பு மாலையில் கழுத்துப்பட்டையோடு நடைப்பயிற்சிக்குப் போய்வருகிறது.

அதனால்தான் எல்லோரும் விடாமல் திருஷ்டி கழித்தார்கள். கழித்ததை ஊற்ற வேறு இடமும் இல்லை. லிஃப்டுக்குப் பக்கத்தில், 'ஆரத்தித் தண்ணீர், உப்பு, மிளகாய், எலுமிச்சம்பழம், சமையல் எண்ணெய் ஆகியவற்றைக் கழிவறையில் போடாதீர்கள்' என்று செயலாளர் தாமோதரன் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார். பலரும் நின்று படித்ததில் அதன் கடைசி வரி மங்கிவிட்டிருந்தது.

வெளியாட்கள் அந்தக் குழிக்கு வருவதில்லை. ஒரு மெக்கானிக் வந்து மூடியைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, மீசை இல்லாமல் வீட்டுக்குப் போனார். அதிலிருந்து மாதத்துக்கு ஒரு வீடு என்று முறை வைத்துக்கொண்டார்கள். அந்த மாதம் தரைத்தளத்தின் முறை. தரைத்தளம் என்றால் அக்காவின் வீடு. மாமா மஸ்கட்டில் இருந்தார். அக்கா வினோதினி பச்சை உடம்புக்காரி. மிச்சம் இருந்தது சுகிர்தா.

பொறுப்பை ஒப்படைக்க இரண்டாம் மாடி சிக்கந்தர் வந்தார். டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவர். டார்ச் விளக்கு, நுனியில் கொக்கி வைத்த நீளமான கம்பு, ஸ்கூட்டரின் பக்கக் கண்ணாடி கட்டிய இன்னொரு கம்பு, கைப்பிடி நீண்ட தேய்ப்பு பிரஷ் எல்லாவற்றையும் தரையில் பரப்பி வைத்தார். அவருக்கு வலது புருவம் இல்லை. இருக்க வேண்டிய இடத்தில் பென்சிலால் வரைந்திருந்தது.

"தங்கச்சி, மொதல்ல கரண்ட்ட ஆஃப் பண்ணு. அப்புறம் மூடியத் தொற. தொறந்த உடனே குனியாத. நல்லா காத்தாட விடு. என்ன ஆனாலும் உள்ள எறங்காத. செக்ரட்டரி சொன்னாலும் எறங்காத. எல்லாம் மேல நின்னுதான்."

"சரிண்ணா."

"நேரா பாக்கக் கூடாது. கண்ணாடியில பாரு. ரிவர்ஸ் எடுக்கறப்ப பாப்போம்ல, அந்த மாதிரி."

"எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதுண்ணா."

"அதுவும் நல்லதுதான். ஓட்டத் தெரிஞ்சவன் ஒருத்தனும் கண்ணாடியப் பாக்கறதில்ல."

சுகிர்தா அவருடைய சட்டைப் பொத்தானைப் பார்த்துத் தலையாட்டினாள். யாரிடம் பேசினாலும் அவள் பொத்தானையோ, செருப்பையோ, பின்னால் இருக்கும் சுவரையோதான் பார்ப்பாள். ஆனாலும் முகம் அவளுக்குத் தப்பாது. கல்லூரிப் பேருந்தில் மூன்று வருடம் கடைக்கண்ணாலேயே எல்லோரையும் பார்த்துப் பழகியிருந்தாள். யார் அழுதுவிட்டு ஏறியிருக்கிறார்கள், யார் நேற்றைய துப்பட்டாவையே போட்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பியபடியே அவளுக்குத் தெரியும்.

"என் புருவத்தத்தான பாக்கற," என்றார் சிக்கந்தர்.

"இல்லண்ணா."

"பரவால்ல. ஒரு தடவ அவசரத்துல நேரா எட்டிப் பாத்துட்டேன். இப்ப வீட்டுலதான் வரைஞ்சி விடுறா. சண்டை போட்ட அன்னிக்கு மட்டும் கொஞ்சம் மேல தூக்கி வரைஞ்சிடுவா. நாள் பூரா எல்லாரையும் சந்தேகப்படற மாதிரியே திரியணும்."

அன்றைக்கு அவருடைய புருவம் நன்றாகவே மேலே ஏறியிருந்தது.

வேலை கடினமானது இல்லை, பயம்தான் கடினம். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, இரும்பு மூடியைக் கொக்கியால் நெம்பி நகர்த்திவிட்டு, சுகிர்தா தூரமாய்ப் போய்த் தூணுக்குப் பின்னால் நின்றுகொள்வாள். காற்றாடியபின் குழிக்கு முதுகைக் காட்டி நின்று, தோளுக்கு மேலே கண்ணாடிக் கம்பை நீட்டுவாள்.

எண்ணெயும் மாவும் சோப்பும் கண்களும் சேர்ந்து தண்ணீர்மேல் ஆடை கட்டியிருக்கும். பால் ஆறினால் படிவது போன்ற ஆடை. கண்கள் எலுமிச்சை விதை அளவுதான். ஆரத்திச் சிவப்பில் ஊறியிருந்ததால் எல்லாமே அப்போதுதான் அழுது முடித்தவை போல இருந்தன. பார்க்க வந்ததை அவை மறக்கவில்லை. புதுக் காரைப் பார்த்த கண்கள், கார் போகும் வேகத்தில் இடமிருந்து வலமாகத் திரும்பும். பட்டுப் புடவையைப் பார்த்தவை கரை வரைக்கும் கீழே போய் மறுபடி முந்தானைக்கு வரும். மேலே டார்ச் வெளிச்சம் பட்டால் எல்லாம் ஒன்றாக இமைக்கும். ஈரமான சின்னச் சத்தம் ஒன்று கேட்கும்.

ஆடையைக் கொக்கியால் விலக்க வேண்டும். மிதவையைத் தூக்கி விட்டு, அது எதிலும் ஒட்டாமல் தானாக இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். சுவரைத் தேய்க்க வேண்டும். தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வைத் தட்டிப் பார்க்க வேண்டும். கடைசியில் நல்ல தண்ணீரைக் குழாயில் பாய்ச்சி, மின்சாரம் கொடுத்து, மோட்டார் ஓடுகிறதா என்று காதால் கேட்க வேண்டும். மிதவை ஒட்டிக்கொண்டாலோ, மோட்டாரின் வாயில் ஏதாவது சிக்கிக்கொண்டாலோ குழி நிறையும். நிறைந்தால் முதலில் தரைத்தளத்துக் குளியலறையில்தான் மேலேறும்.

இதைத் தாமோதரன் ஏற்கெனவே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். "உங்க நல்லதுக்குத்தாம்மா சொல்றேன். மோட்டார் நின்னா மூணாவது மாடியில எனக்கு ஒண்ணும் ஆகப் போறதில்ல. உங்களுக்குத்தான் கைக்கொழந்தை இருக்கு."

குழந்தைக்கு அப்போதே இடது காதின் மடல் மங்கியிருந்தது. பென்சில் கோட்டை ரப்பரால் லேசாகத் தேய்த்தது போல. வினோதினி தினமும் காலையில் குழந்தையைத் தொடையில் போட்டுக்கொண்டு அங்கம் அங்கமாகச் சரிபார்ப்பாள். விரல்கள், நகம், முழங்கால், தொப்புள். அவளுடைய வலது கருவிழியில் கடுகளவு பழுப்புப் புள்ளி ஒன்று உண்டு. சரிபார்க்கும்போது அந்தப் புள்ளி ஒவ்வொரு இடத்திலும் நின்று நின்று நகரும்.

"தூங்குக்கா. நான் பாத்துக்கறேன்," என்பாள் சுகிர்தா.

"கண்ண எடுத்தா அந்த நேரம் பாத்து என்னமாவது ஆயிடும். நாலாவது மாடி நாய் எப்படிப் போச்சு? அவங்க தூங்கறப்பதான போச்சு."

பிரசவமானதிலிருந்து வினோதினி தூங்கவில்லை. தொட்டிலுக்கு எதிரில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாராவது வந்து பார்த்துவிட்டுப் போனதும் உப்பும் மிளகாயும் எடுத்துக் குழந்தையைச் சுற்றுவாள். மஸ்கட்டிலிருந்து மாமா வீடியோ அழைப்பில் பார்த்தபின் குழந்தையோடு சேர்த்து ஃபோனையும் சுற்றுவாள். மிளகாயை வாசலில் சட்டியில் போட்டு எரித்துவிட்டு, உப்பைத் தண்ணீரில் கரைத்துக் கழிவறையில் ஊற்றுவாள். தண்ணீர் இறங்கும் சத்தம் அடங்கும்வரை சுகிர்தா கேட்டுக்கொண்டு நிற்பாள். பிறகு கம்பை எடுத்துக்கொண்டு அடித்தளத்துக்குப் போவாள்.

அவள் பயந்தது ஒன்றுக்குத்தான். குழந்தை போய் அழுகை மட்டும் மிஞ்சிவிடுமோ என்று. அக்கா அந்த அழுகையைத் தொட்டிலில் போட்டு ஆட்டுவாள், பாலைக் கிண்ணத்தில் வைப்பாள், ஒருத்தரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

பெயர் சூட்டும் விழாவைத் தள்ளிப் போட முடியவில்லை. மாமாவின் அம்மா நாள் குறித்துவிட்டார். பெயரை வலது காதில்தான் சொல்வார்கள் என்பதால் இடது காதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

கட்டடம் முழுவதும் வந்தது. எல்லோரும் பட்டுடுத்தி வந்தார்கள். வந்தவர்கள் தொட்டிலைச் சுற்றி நின்று பார்த்தார்கள். கன்னத்தில் பெரிதாக வைத்திருந்த மைப்பொட்டை முதலில் பார்த்துவிட்டு, பொட்டைத் தாண்டி மற்றதையெல்லாம் பார்த்தார்கள்.

"எப்படி வச்ச கண்ணு வாங்காம பாக்குது பாருங்க," என்றார் ஐந்தாம் மாடி மல்லிகா ஆன்ட்டி.

"இன்னும் பார்வை நிக்கல ஆன்ட்டி. வெளிச்சத்தத்தான் பாக்கறான்," என்றாள் வினோதினி.

"நிக்கும் நிக்கும். நின்னா அவ்வளவுதான், யாரையும் விட மாட்டான்." ஆன்ட்டி சுகிர்தாவின் பக்கம் திரும்பினார். "என்னடி இது, வர்றவங்களுக்குச் சந்தனம் குடுக்கறவ தலைய நிமிந்து குடுக்கக் கூடாதா? என் வளையலுக்கா குடுக்கற?"

சுகிர்தா வளையலைப் பார்த்துச் சிரித்தாள். ஆன்ட்டி போன வாரத்தைவிட மெலிந்திருந்தார் என்பதும், கழுத்தில் கிடந்தது கவரிங் என்பதும், குழந்தையைப் பார்த்த பார்வை அரை நிமிடத்தில் மைசூர்பாகுக்குப் போய்விட்டது என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

குழந்தைக்கு மாறன் என்று பெயர் வைத்தார்கள். வினோதினி மூன்று முறை காதில் சொன்னாள். அவன் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

விழா முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். போய்ச் சும்மா இருக்கவில்லை. ஒருவர் பட்டை ஒருவர் பார்த்திருந்ததால், ஒவ்வொரு வீட்டிலும் திருஷ்டி கழித்தார்கள். மாடி மாடியாகத் தண்ணீர் ஊற்றும் சத்தம் சுவருக்குள்ளே இறங்கி வந்தது. ஐந்து, நான்கு, மூன்று. வினோதினியும் ஊற்றினாள். மத்தியானச் சாப்பாட்டு இலைகளை எடுத்துக்கொண்டிருந்த சுகிர்தா கையை நிறுத்தி, மோட்டார் ஓடும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

மோட்டார் ஓடவில்லை.

குளியலறையிலிருந்து யாரோ தொண்டையைக் கனைப்பது போலக் கேட்டது. போய்ப் பார்த்தாள். தரையிலிருந்த சல்லடை மூடியின் துளைகளில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. துளைக்கு ஒரு கண் வீதம் நிரம்பியிருந்தது. அவை சுகிர்தாவைப் பார்க்கவில்லை. அவளுடைய கால்களுக்கு நடுவே, கதவைத் தாண்டி, கூடத்தில் தொங்கிய தொட்டிலைப் பார்த்தன.

"அக்கா, கதவச் சாத்து."

"கதவு உப்பிக்கிட்டு ஒரு வாரமா சாத்த வரல," என்றாள் வினோதினி. அவள் ஒரு தாம்பாளத்தை எடுத்துவந்து சல்லடையின் மேல் கவிழ்த்து, அதன்மேல் அரிசி டின்னை வைத்தாள். தாம்பாளம் மெல்ல அசைந்தது. விளிம்பைச் சுற்றித் தண்ணீர் கசிந்தது. கசிந்த தண்ணீரில் கண்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, ஓரமாய்ச் சேர்ந்து, தலையணை தேடும் குழந்தைகள் போலப் புரண்டு கூடத்துப் பக்கம் திரும்பின.

குழந்தையின் இடது கை முழங்கை வரைக்கும் மங்கியது. பிறகு தலைமுடி. பிறகு கன்னம். கன்னம் மங்கிய இடத்தில் மைப்பொட்டு மட்டும் கருப்பாய், எதிலும் ஒட்டாமல் நின்றது. வினோதினி தொட்டிலுக்கு எதிரில் நாற்காலியை இன்னும் நெருக்கிப் போட்டு உட்கார்ந்து, எது எது இருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினாள்.

"வலது கை இருக்கு. கால் ரெண்டும் இருக்கு. வயிறு இருக்கு. நீ கீழ போ, சுகி."

சுகிர்தா கம்புகளை எடுத்துக்கொண்டு போனாள். அடித்தளத்தில் யாரும் இல்லை. நான்காம் மாடிக் குரைப்பு ஒரு காருக்குப் பக்கத்தில் படுத்திருந்தது. அது எழுந்து கொஞ்சதூரம் அவளோடு வந்துவிட்டு, குழி தெரியும் இடத்தில் நின்றுகொண்டது. மின்சாரத்தை நிறுத்தினாள். மூடியை நகர்த்தினாள். தூணுக்குப் பின்னால் நின்று காற்றாட விட்டாள். மேலே மாறன் அழுவது கேட்டது. அழுகையில் ஒரு குறைவும் இல்லை. அவள் பயந்ததும் அதற்குத்தான்.

முதுகைத் திருப்பிக்கொண்டு கண்ணாடியை நீட்டினாள். மிதவை நன்றாகத்தான் மேலே ஏறி நின்றது. அப்படியென்றால் சிக்கியிருப்பது மோட்டார். சங்கிலியைத் தோள்மேல் போட்டுக் கைமாற்றிக் கைமாற்றி இழுத்தாள். மோட்டார் கனத்தோடு மேலே வந்து குழியின் விளிம்பருகே தொங்கியது. கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை. துப்பட்டாவால் துடைத்து நீட்டினாள். மறுபடி படிந்தது. மறுபடி துடைத்தாள். மேலே அழுகை வேறு பக்கத்திலிருந்து கேட்பது போல இருந்தது, தொட்டிலிலிருந்து இல்லாமல் கூடம் முழுவதிலிருந்தும்.

சுகிர்தா திரும்பி நேராகப் பார்த்தாள்.

மோட்டாரின் வாயைச் சுற்றிக் கண்கள் தேங்காய் நாரைப் போல இறுகச் சுற்றியிருந்தன. ஐந்தாம் மாடியின் கண்கள் அங்கே இல்லை. மூன்றாம் மாடியின் கண்களும் இல்லை, அக்காவின் மாமியாருடையவையும் இல்லை. அவர்களுடையவை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு மைசூர்பாகுக்குப் போகிற கண்கள். மோட்டாரின் தகடு பட்டதும் வெட்டுப்பட்டுத் தெருவுக்குப் போயிருக்கும். இவை அப்படியில்லை. இமைக்கவில்லை. அடியில் கருவளையம் விழுந்திருந்தது. ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் கருவிழியின் ஓரத்தில் கடுகளவு பழுப்புப் புள்ளி இருந்தது.

குழந்தையைச் சுற்றிக் கழிக்கும்போது, அதன்மேல் பட்ட பார்வையெல்லாம் கழியும். யாருடைய பார்வை என்று உப்பு கேட்பதில்லை.

அவை சுகிர்தாவை ஒரு கணம் பார்த்தன. இது குழந்தை இல்லை என்று தெரிந்ததும் மறுபடி மேலே திரும்பிக்கொண்டன. அந்த ஒரு கணத்தில், சங்கிலியைப் பிடித்திருந்த அவளுடைய இடது கைச் சுண்டுவிரல் மங்கிப்போனது. வலிக்கவில்லை. பிடிதான் கொஞ்சம் தளர்ந்தது. மற்ற விரல்களால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கொக்கியால் அந்த நாரை நுனி கண்டுபிடித்து உரித்து, ஒரு வாளியில் போட்டாள். கடைசி இழை மட்டும் வர மறுத்தது. பிரஷ்ஷால் தேய்த்ததும் வந்தது. மோட்டாரை இறக்கினாள். மூடியைப் போட்டாள். மின்சாரம் கொடுத்தாள்.

மோட்டார் ஓடியது. மேலே குளியலறையில் தண்ணீர் பின்வாங்கும் சத்தம், பிறகு அரிசி டின் தரையில் உட்கார்கிற சத்தம்.

வாளியை மூடி எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். கண்கள் இறங்கிப் போயிருந்தும் குழந்தையிடம் மங்கியது எதுவும் திரும்பி வரவில்லை. இப்போது வலது காலும் மங்கிக்கொண்டிருந்தது. வினோதினி அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, மோட்டார்ல சிக்கினது உன் கண்ணு."

வினோதினி தலையைத் திருப்பவில்லை. "மல்லிகா ஆன்ட்டியோடதுன்னு நெனச்சேன்."

"அவங்களோடது வந்த வேகத்துல போயிடுச்சு."

"என் மாமியாரோடது?"

"அதுவும் போயிடுச்சு."

"அப்படியா." வினோதினியின் முகம் சுருங்கியது. "பேரன்னு சொல்றாங்க. அவங்க கூட ஒழுங்கா பாக்கலையா."

சுகிர்தா வாளியைத் திறந்து காட்டினாள். கண்கள் எல்லாம் உடனே தொட்டில் பக்கம் திரும்பின. வினோதினியின் கண்களும் தொட்டிலில்தான் இருந்தன. கொஞ்ச நேரம் எல்லோருமாகச் சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். வலது காலின் கட்டைவிரல் மறைந்தது. சுகிர்தா வாளியை மூடினாள்.

"நீ பாக்கறத நிறுத்தணும்கா."

"நான் பாக்கலைன்னா யாரு பாக்கறது?"

"நான் பாக்கறேன்."

"உன் கண்ணு மட்டும் என்ன ப்ளாஸ்டிக்கா?"

"நான் நேரா பாக்க மாட்டேன். எனக்கு அது வராதுன்னு உனக்கே தெரியுமே."

வினோதினி யோசித்தாள். "ஆமா. என் கல்யாண ஆல்பத்துல ஒரு ஃபோட்டோலகூட நீ கேமராவப் பாக்கல. எல்லாத்துலயும் பந்தியப் பாத்துக்கிட்டு நிப்ப."

"ஆனா அன்னிக்கு யார் யாரு என்ன கலர் கட்டியிருந்தாங்கன்னு இப்பவும் சொல்லுவேன்."

"நான் என்ன கட்டியிருந்தேன்?"

"முகூர்த்தத்துக்கு அரக்கு. அதுக்கு முன்னாடி அழுதுட்டு வந்திருந்த. ரெண்டு பின்னு குத்தாம விட்டுட்டாங்க."

வினோதினி எழுந்தாள். நாற்காலியைத் தூக்கிச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் போட்டு, தொட்டிலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். அவளுடைய தோள்கள் உயர்ந்தே இருந்தன. "இருக்கானா?" என்று கேட்டாள்.

சுகிர்தா ஜன்னலைப் பார்த்தபடி, "இருக்கான்," என்றாள்.

"எது எது இருக்கு?"

"வலது கை. வயிறு. இடது காலு. பொட்டு."

"சொல்லிக்கிட்டே இரு."

சுகிர்தா சொல்லிக்கொண்டே இருந்தாள். வலது கை, வயிறு, இடது கால், பொட்டு. சொல்லச் சொல்ல வினோதினியின் தோள்கள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கின. தலை சுவரில் சாய்ந்தது. குறட்டை விட ஆரம்பித்தாள். சிறுவயதில் விடுவாளே, அதே விசில் குறட்டை. வாளிக்குள் மூடியடியில் ஈரமான சின்னச் சத்தம் கேட்டது. சுகிர்தா மூடியைக் கொஞ்சம் நகர்த்திக் கடைக்கண்ணால் பார்த்தாள். கண்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. எல்லாம் மூடியபின் அவளே அவற்றைக் கழிவறையில் ஊற்றினாள். மூடிய கண்கள் மோட்டாரில் சிக்குவதில்லை. கீழே அது ஒரே மூச்சில் ஓடி நின்றது.

விளக்கு வைக்கும் நேரத்தில் குழந்தையின் கட்டைவிரல் திரும்பி வந்திருந்தது. மறுநாள் கன்னம் பொட்டுக்கு அடியில் வந்து சேர்ந்தது. கையும் முடியும் காது மடலும் அந்த வாரத்துக்குள் வந்தன. சுகிர்தாவின் சுண்டுவிரல் மட்டும் வரவில்லை. அது இல்லாமல் பால் புட்டியைப் பிடிக்க அவள் பழகிக்கொண்டாள்.

வீட்டில் ஒரு ஒழுங்கு ஏற்பட்டது. வினோதினி சுவரைப் பார்த்தபடி இருப்பாள். பால் கொடுக்கும்போது கண்ணை மூடிக்கொள்வாள். குளிப்பாட்டும்போது சுகிர்தா சொல்லச் சொல்லக் கையால் தேடிக் குளிப்பாட்டுவாள். சுகிர்தா ஜன்னலையோ காலண்டரையோ பார்த்தபடி ஓரக்கண்ணால் குழந்தையைப் பார்த்துக்கொண்டாள். இடையிடையே கீழே போய் மிதவையைத் தூக்கி விட்டு, சுவரைத் தேய்த்து, நல்ல தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்தாள். ஆடை கட்டுவது குறைந்துவிட்டது. குழியைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "என் மாசத்துல இவ்வளவு சுத்தமா இருந்ததில்ல," என்றார் சிக்கந்தர். அன்று அவருடைய புருவம் நேராக இருந்தது.

ஒருநாள் காலையில் வினோதினி குளித்துவிட்டு, பின்னலில் மல்லிகைச் சரம் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சுகிர்தா காலண்டரைப் பார்த்தபடி துணி மடித்துக்கொண்டிருந்தாள். தொட்டிலில் சத்தமில்லை. மாறன் விளக்கைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்க்கவில்லை. அவன் தலையை ஒருக்களித்து, இமைக்காமல், அம்மாவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய வலது கருவிழியின் ஓரத்தில் கடுகளவு பழுப்புப் புள்ளி தெரிந்தது.

மல்லிகைச் சரம் தரையில் விழுந்தது. அதைப் பிடித்திருந்த பின்னல் அங்கே இல்லை.

"பாக்கறானா?" என்று கேட்டாள் வினோதினி.

"பாக்கறான்."

"நல்லா பாக்கறானா?"

"வச்ச கண்ணு வாங்காம பாக்கறான்."

வினோதினி பிடரியைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். சுகிர்தா எழுந்து சமையலறைக்குப் போய், உப்பும் மிளகாயும் எடுத்துவந்து அக்காவுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"சுத்தட்டுமாக்கா?"

"இரு, அப்புறம் சுத்தலாம். முதுகயே எவ்வளவு நேரம்தான் பாப்பான், பாவம்." வினோதினி கண்களை இறுக மூடிக்கொண்டாள். நாற்காலியோடு மெல்லத் திரும்பி, தொட்டிலுக்கு எதிரில் முகத்தை வைத்து உட்கார்ந்தாள். "சிரிக்கிறானா?"

"சிரிக்கிறான்."

"மாறா," என்று கூப்பிட்டாள் வினோதினி. வாய் இருக்கும்போதே இன்னும் இரண்டு முறை கூப்பிட்டாள்.

மூக்குத்தி தரையில் விழுந்து உருண்டது. சுகிர்தா அதைத் தேடி எடுத்து, துடைத்து, குழந்தையின் பவுடர் டப்பாவுக்குள் போட்டு மூடினாள். கீழே மோட்டார் ஓடத் தொடங்கியது. அவள் கண்ணாடிக் கம்பை எடுத்துக்கொண்டு, கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, மிதவையைப் பார்க்கப் போனாள்.